கொல்லுலையும் நேர்த்திக்கடன் அரிவாளும்: தம்போய் நோக்கில் ஒரு வரலாற்றுக் குறிப்பு

முன்னுரை

ஜொகூர் பாருவின் வடமேற்கே அமைந்துள்ள தம்போய் இன்று தொழிற்பேட்டையும் குடியிருப்புகளும் நிறைந்த நகர்ப்புறமாகும். 1937-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, இன்று பெர்மாய் மருத்துவமனை என வழங்கும் மனநல மருத்துவமனையால் இவ்வூர்ப் பெயர் நாடெங்கும் அறியப்பட்டது. இவ்வூர் அடங்கிய தென் ஜொகூர், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரப்பர்த் தோட்டங்களால் உருமாறிய நிலப்பகுதியாகும். மலாயாவில் 1907-இல் அமைக்கப்பட்ட குடியேற்ற நிதியும், 1909-இல் ஜொகூர் பாரு வரை நிறைவுற்ற இரயில் பாதையும் இம்மாற்றத்திற்குத் துணைநின்றன. 1938-இல் இந்திய அரசு உதவிபெறும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்யும் வரை தமிழர் வருகை தொடர்ந்தது.

அவ்வாறு வந்தோர் தம் காவல் தெய்வங்களையும் உடன் கொணர்ந்தனர். மலாயாத் தோட்டங்களில் முனீசுவரருக்கும் மதுரைவீரனுக்கும் மரத்தடியில் இடம் வகுத்து, சூலமும் அரிவாளும் நட்டு வழிபட்டனர். இவ்வழிபாடு குறித்து ஆய்வுகள் பல வந்துள்ளன. எனினும், நடப்பட்ட அரிவாளை வடித்த கை எது என்னும் வினாவை நாம் அரிதாகவே எழுப்புகிறோம். சொல்லிச் செய்விக்கப்படும் ஓர் இரும்புப் பொருள் எவ்வாறு உருவாகிறது என்பதை அறிந்தால், அப்பொருளையே ஒரு வரலாற்றுச் சான்றாகப் படிக்க இயலும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இலக்கியமும் கல்வெட்டும்

வீரனுக்குரிய வேலைச் செய்தளிக்கும் பொறுப்பைப் புறநானூற்றின் 312-ஆம் பாடலில் பொன்முடியார் கொல்லனுக்கு உரியதாக்குகிறார். 95-ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் படைக்கருவிகள் போரில் முனை சிதைந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடப்பதைச் சுட்டுகிறார். புதிதாக வடித்தலும் பழுது நீக்கலும் ஒரே உலைக்களத்தில் நிகழ்ந்தமையை இவ்விரு பாடல்களையும் சேர்த்துப் படிக்கும்போது உணர்கிறோம். இரும்பை வைத்து அடிக்கும் பட்டடையைத் திருக்குறள் (821) கூடா நட்பிற்கு உவமையாக்குகிறது. கொல்லன் என்னும் சொல்லைக் கொண்ட பெயர்கள் சங்கப் புலவர் வரிசையிலேயே காணப்படுகின்றன.

சோழர் காலத்தில் இத்தொழில் ஊரமைப்பின் உறுப்பாயிற்று. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள், வரி நீக்கப்பட்ட நிலங்களுள் கம்மாணச்சேரியையும் குறிக்கின்றன. பிற்காலத்திலும் ஊர்க்கொல்லர் ஏரும் அரிவாளும் செப்பனிட்டு, அறுவடைக் காலத்தில் தானியப் பங்கு பெற்றனர். நேர்த்திக்கடன் பொருளோ இவ்வழக்கத்திற்குப் புறம்பானது. அளவு சொல்லி, விலை பேசிச் செய்விப்பது. தோட்டத்திற்கு வந்த தமிழர் அந்த ஊர்க்கொல்லர் உறவைப் பின்னே விட்டு வந்தனர். பால்மரம் வெட்டும் கத்தி தோட்டத் தொழிலின் பொதுக் கருவி. அதன் வடிவத்தை வெட்டுமுறையே வரையறுத்தது. தெய்வத்தின் அரிவாளே வேண்டுவோர் தம் விருப்பப்படி வடிவம் சொல்லிச் செய்வித்த இரும்பாயிற்று.

ஆக்கமுறை

இத்தொழில் இன்றும் உயிர்ப்புடன் நிகழும் இடங்கள் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தியும் திருப்புவனமும் ஆகும். அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பர் முதலிய தெய்வங்களுக்குச் செலுத்தும் அரிவாள்கள் இங்குள்ள பட்டறைகளில் உருவாகின்றன. வேண்டுதல் செய்தவர் நீளத்தைக் குறிப்பிடுகிறார். முழ அளவிலிருந்து ஆளுயரத்தை விஞ்சும் அளவு வரை இவை அமைவதுண்டு.

வெட்டுதற்குரிய அரிவாளுக்கு லாரியின் பழைய வில்பட்டைகள் விரும்பப்படுகின்றன. அவ்வெஃகில் ஏறத்தாழ 0.6 விழுக்காடு கரிமம் உண்டு. அதனால் கூர் நிற்கும். பட்டையைக் கரியுலையில் இட்டுத் துருத்திக் காற்றால் மஞ்சள் கலந்த செந்நிறம் வரும்வரை காய்ச்சுகின்றனர். ஒருவர் குறட்டால் பற்றிச் சிறு சுத்தியால் இடம் காட்ட, எதிர் நிற்பவர் சம்மட்டியால் அடிக்கிறார். இரும்பு கறுத்ததும் மீண்டும் உலைக்குச் செல்கிறது. முதுகு தடித்து, வாய் மெலிந்து, நுனி வளையும்வரை இது தொடரும்.

அடுத்த நிலை தோய்ச்சல். வடித்த இரும்பைச் செந்நிறமாகக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ தோய்க்கும்போது எஃகு கடினமாகிறது. கூடவே நொறுங்கும் தன்மையும் பெறுகிறது. பின்னர் மிதமான சூட்டில் பதப்படுத்த, மேற்பரப்பில் வைக்கோல் நிறமும் அதையடுத்து நீலமும் படர்கின்றன. எந்நிறத்தில் நிறுத்துவது என்பதைக் கொல்லர் கண்ணாலேயே முடிவுசெய்கிறார். வெப்பமானி இல்லாத பட்டறையில் அரையிருளே அளவுகோலாகிறது. வெயில் வெளிச்சத்தில் இரும்பின் நிறம் பிடிபடாது. காணிக்கை அரிவாள் வெட்டப் பயன்படாததால் அதில் கூரினும் நேர்த்தியான வளைவும் பளபளப்பும் முதன்மை பெறுகின்றன. இறுதியில் அரத்தால் மெருகிட்டுப் பிடி பொருத்துகின்றனர்.

பொருளே ஆவணம்

மேற்கண்டவற்றை அறிந்த ஒருவர் பழைய அரிவாள் ஒன்றைக் காணும்போது பல செய்திகளைப் பெற இயலும். வில்பட்டையில் வடித்தது எனில், அது மோட்டார் வண்டிக் காலத்திற்கு உரியது. மின்பற்றவைப்பின் தழும்பு இருப்பின், அண்மைக்கால ஆக்கமோ பழுதுபார்ப்போ என்று கருதலாம். சம்மட்டித் தழும்பு கையால் அடித்ததைக் காட்டும். சீரான தகடு ஆலையில் உருட்டியதைக் காட்டும். மலாய்க்காரரின் பாராங் கத்திக்கும் இதே வில்பட்டை பயன்படுவதால், பொருளை மட்டும் கொண்டு செய்தவர் இனத்தைத் தீர்மானித்தல் தவறாகும். வளைவும் பிடியமைப்பும் சேர்த்து நோக்கப்பட வேண்டும்.

இரும்பின் தொன்மை குறித்து ஆய்வுலகம் இன்று பேரார்வம் காட்டுகிறது. மயிலாடும்பாறையின் இரும்புக்கு கி.மு. 2172 என்னும் காலம் 2022-இலும், சிவகளைக்கு கி.மு. 3345 என்னும் காலம் 2025-இலும் தமிழ்நாட்டரசால் அறிவிக்கப்பட்டன. கெடாவின் சுங்கை பத்துவில் 2009 முதல் நடைபெற்ற அகழாய்வு பண்டைய இரும்புலைகளை வெளிக்கொணர்ந்தது. இவை பெருமைக்குரியன. ஆயினும் நூறாண்டுக்கு உட்பட்ட இரும்பை நாம் பதிவுசெய்யாமல் விடுகிறோம். 2021-இல் தமிழ்நாட்டுக் காவல்துறை, அரிவாள் வாங்குவோரின் பெயரையும் முகவரியையும் நோக்கத்தையும் குறித்துவைக்குமாறு பட்டறைகளுக்கு அறிவுறுத்தியது. வாங்குவோருக்குப் பதிவேடு கிடைத்தது. வடிப்போரின் பெயரோ பொருளின் மேலும் இல்லை, கோயில் ஏட்டிலும் பெரும்பாலும் இல்லை.

முடிவுரை

தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் இடம் கொடுக்கையில் சிறுகோயில்கள் இடம்பெயர்கின்றன. பழைய இரும்பு துருப்பிடித்தது எனக் கழிக்கப்பட்டுப் புதியது வைக்கப்படுகிறது. அவ்வாறு கழியும் ஒவ்வோர் அரிவாளும் படிக்கப்படாமலே மறையும் ஓர் ஆவணமாகும். நீளம், எடை, வளைவு, பிடி, தழும்பு, செலுத்திய குடும்பம், செய்த பட்டறை ஆகிய ஏழு செய்திகளைப் படத்துடன் குறிக்க ஒரு மாணவருக்கு ஒரு பிற்பகல் போதும். தம்போய் போன்ற நகர்ப்புறங்களில் பணியாற்றும் தமிழாசிரியர்கள் துருத்தி, குறடு, பட்டடை, தோய்ச்சல் என்னும் சொற்களைப் பொருளோடு கற்பித்து இப்பணியை மாணவரிடம் ஒப்படைக்கலாம். கொல்லர் பெயரைக் கேட்டு எழுதுவதிலிருந்து அது தொடங்கட்டும்.