ஒரே பொருள், வேறு வடிவம்

2023-இல் வேதியியல் நோபல் பரிசு குவாண்டம் புள்ளிகளுக்குக் கிடைத்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதன் பின்னால் ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

சோவியத் நாட்டில் அலெக்சேய் எகிமோவ், தாமிர குளோரைடு கலந்த கண்ணாடியை 500 முதல் 700 டிகிரி வரை சூடாக்கிப் பார்த்தார். உள்ளே உண்டான படிகங்கள் சிறுக்கச் சிறுக்க, கண்ணாடி உறிஞ்சும் ஒளி நீலப் பக்கம் நகர்ந்தது. 1981-இல் சோவியத் இதழில் எழுதினார். அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தின் லூயி புரூஸ் 1983-இல் கரைசலில் மிதந்த காட்மியம் சல்பைடு துகள்களில் இதையே கண்டார். எகிமோவின் கட்டுரை அவர் கண்ணில் பட்டிருக்கவில்லை. பனிப்போர்க் காலம் அல்லவா! 1993-இல் எம்.ஐ.டி.யில் மௌங்கி பாவெண்டி, அளவு பிசகாமல் இவற்றைச் செய்யும் வழி கண்டார். கல்லூரியில் முதல் வேதியியல் தேர்வில் நூற்றுக்கு 20 வாங்கியவர் இவர்!

அளவு நிறத்தை மாற்றுகிறது. வடிவம் என்ன செய்யும்?

ஒளி பட்டதும் குறைக்கடத்தியில் எலக்ட்ரான் இடம்பெயர்ந்து, பின்னால் ஒரு 'துளை'யை விட்டுச்செல்கிறது. இரண்டும் மீண்டும் சேர்வதே மறுஇணைவு. விளக்குக்கு அது வேண்டும், ஒளி வரும். சூரிய மின்கலத்துக்கு அது கூடாது, மின்சாரம் வீணாகும்.

2000-இல் பெர்க்லியில் பால் அலிவிசாட்டோஸ் குழு காட்மியம் செலினைடை உருண்டையாக இல்லாமல் குச்சியாக வளர்த்துக் காட்டியது. 2002-இல் 7 நானோமீட்டர் தடிமனும் 60 நானோமீட்டர் நீளமும் உள்ள குச்சிகளைப் பிளாஸ்டிக்குடன் கலந்து 1.7 சதவீதத் திறனுள்ள சூரிய மின்கலம் செய்தார்கள். உருண்டைகளில் எலக்ட்ரான் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவவேண்டும். குச்சியிலோ நேராக ஓடிவிடலாம். துளையைச் சந்திக்கும் வாய்ப்பு குறைகிறது.

இன்னொரு இழப்பும் உண்டு. ஒரே படிகத்தில் பல மின்சுமைகள் நெருங்கியிருந்தால், ஒரு ஜோடி சேரும்போது வரும் ஆற்றல் ஒளியாகாமல் மூன்றாவது மின்சுமைக்குப் போய்விடும். இதற்கு ஓஷே மறுஇணைவு என்று பெயர். லாஸ் அலமோஸில் விக்டர் கிளிமோவ் குழு 2003-இல் ஆராய்ந்தபோது, குச்சி நீள நீள இந்த இழப்பு மெதுவாவதைக் கண்டது.

ஒரு பொருளின் பண்பு அது எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது என்று வகுப்பில் படித்தோம். எவ்வளவு சிறியது, என்ன வடிவம் என்பதையும் அதோடு சேர்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். தேர்வில் 20 வாங்கிய பிள்ளை வீட்டில் இருந்தால் பாவெண்டி கதையையும் சொல்லுங்கள்.