போர்ட் பிளேரில் ஒரு சரித்திர யாத்திரை

அந்தமான் என்றதும் கடற்கரையும் பவழப் பாறைகளும்தான் இன்று நினைவுக்கு வருகின்றன. சென்ற டிசம்பரில் நானும் என் சகதர்மிணியும் கிளம்பியபோது எங்கள் எண்ணமும் அதுவாகவே இருந்தது. சென்னையிலிருந்து விமானத்தில் சுமார் இரண்டு மணி நேரம். கப்பலில் மூன்று நாட்கள்.

போர்ட் பிளேர் என்று நாம் அறிந்த ஊருக்கு 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். 1789-ல் இங்கு முதல் குடியிருப்பை அமைத்த ஆர்ச்சிபால்ட் பிளேரின் நினைவாக வந்தது பழைய பெயர். 1796-ல் கைவிட்ட இத்தீவுகளுக்கு, சிப்பாய்ப் புரட்சிக்குப் பின் 1858-ல் 200 கைதிகளுடன் ஆங்கிலேயர் மீண்டும் வந்தனர். நமக்கோ தொடர்பு அதனினும் பழையது. ராஜேந்திர சோழனின் கல்வெட்டில் நிக்கோபார் 'மாநக்கவாரம்' எனக் குறிக்கப்படுகிறது.

செல்லுலார் சிறை 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடிக்கப்பட்டது. நடுக் கோபுரத்திலிருந்து ஏழு பகுதிகள் சக்கரத்தின் ஆரங்கள் போல் பிரிந்தன. இன்று எஞ்சியவை மூன்றே. ஒரு பகுதியின் முகப்பு அடுத்த பகுதியின் முதுகைப் பார்க்கும். ஒரு கைதி மற்றவர் முகத்தைக் காண முடியாது. பதின்மூன்றரை அடிக்கு ஏழடி அறை ஒன்றினுள் நுழைந்து, கதவுக் கம்பி வழியே கையை நீட்டிப் பார்த்தேன். வெளிச்சுவரின் குழிக்குள் இருந்த தாழ்ப்பாள் எட்டவில்லை.

பஞ்சாபைச் சேர்ந்த ராம் ரக்கா, பூணூலைப் பறித்ததற்காக உண்ணாவிரதமிருந்து இச்சிறையிலேயே உயிர் நீத்தவர். 1933 உண்ணாவிரதத்தில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மைத்ரா ஆகிய மூவர் மாண்டனர். வருஷாவருஷம் ஆவணி அவிட்டத்தன்று சௌகரியமாகப் பூணூல் மாற்றிக்கொள்ளும் எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை.

1943 டிசம்பர் 30 அன்று நேதாஜி இவ்வூரில் தேசியக் கொடியேற்றினார். அடுத்த மாதமே, அன்று தீவை ஆண்ட ஜப்பானியர் ஹம்ஃப்ரிகஞ்சில் 44 இந்தியர்களைச் சுட்டுக் கொன்றனர். சரித்திரத்தில் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

செல்லும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் அஸ்தமித்துவிடும். எனவே காலையிலேயே புறப்படுங்கள். ரோஸ் தீவு என்றிருந்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவையும், 1883 முதல் இயங்கும் சாத்தம் மர ஆலையையும் பாருங்கள். கடற்கரை எங்கும் உண்டு. குழந்தைகளை முதலில் அந்த அறைக்கு அழைத்துச் சென்று கையை நீட்டச் சொல்லுங்கள்.