மன்னார் வளைகுடாவின் பவளப் பார்கள்: பெயரும் வரலாறும்

ஆலங்குளம் கடலைக் காணாத ஊர். இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தைச் சார்ந்த இவ்வூரின் பெயர் இக்காலத்தில் வெளியில் அறியப்பட்டது சுண்ணாம்புக்கல்லால் ஆகும். நிலத்தடியில் கிடைக்கும் அக்கல்லை நம்பியே 1970-ஆம் ஆண்டையொட்டி அரசுச் சிமெண்டு ஆலை இங்கு எழுந்தது. பவளப் பார்களைப் பற்றிய கட்டுரையை இவ்வூரினின்று தொடங்குதல் பொருந்துமோ என்று கற்றோர் ஐயுறலாம். பொருந்தும் என்பதே நம் கருத்து. ஆலங்குளத்து மண்ணுக்கடியில் உள்ள சுண்ணாம்பும், மன்னார் வளைகுடாவின் பவள உயிர்கள் கடல்நீரினின்று பிரித்துக் கட்டிய சுண்ணாம்பும் பொருளால் ஒன்றே. ஒன்று கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் படிந்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுகிய கல். மற்றொன்று இன்றும் வளர்ந்து வரும் உயிர்க்கட்டடம். சூளைக்கு இவ்வேறுபாடு தெரியாது. மனிதருக்குத் தெரிந்திருத்தல் வேண்டும்.

இவ்வட்டாரத்திற்கும் அக்கடலுக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. வைப்பாற்றங்கரையில் உள்ள வெம்பக்கோட்டையில் 2022-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை நிகழ்த்திய அகழாய்வுகளில் சங்கு வளையல்கள் மிகுதியாகக் கிடைத்தன. வைப்பாறு சென்று கலப்பது மன்னார் வளைகுடாவிலேயே ஆகும். கடல்படு பொருள் உள்நாட்டிற்கு வந்து அணியாகிய வழக்கம் தொன்மையானது என்பதற்கு அவ்வளையல்களே சான்று.

அவ்வளைகுடாவின் பவளப் பார்கள் இருபதாம் நூற்றாண்டில் சுண்ணாம்புக்காக உடைத்தெடுக்கப்பட்டது ஏன், அச்செயல் எவ்வாறு நின்றது, நின்ற பின்னும் அவற்றுக்கு இடர் தீராதது ஏன் என்னும் மூன்று வினாக்களை ஈண்டு ஆராய்வோம்.

பவளமும் கல்லும்

தமிழர் பவளத்தை அறியாதவரல்லர். துகிர் என்னும் பழஞ்சொல் சங்க நூல்களில் பயில்கின்றது. பட்டினப்பாலை அதனைக் கீழ்க்கடலினின்று காவிரிப்பூம்பட்டினத்திற்கு வந்த பொருள்களுள் ஒன்றாக வைத்து எண்ணுகின்றது. கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய ‘பெரிப்ளூசு’ என்னும் கடற்பயண நூல், மேலைநாட்டினின்று முசிறிக்கு வந்திறங்கிய சரக்குகளுள் பவளத்தையும் குறிக்கின்றது. உரோமர் இந்திய முத்தை மதிப்பது போல இந்தியர் பவளத்தை மதிப்பர் என்பது பிளினி தரும் செய்தி. எத்திசையினின்று வந்ததாயினும் இப்பவளம் செந்நிற மணி, அணிகலனுக்கு உரியது, வணிகத்தால் கிடைப்பது.

நம் கரையில் இயற்கையாக வளர்ந்து நின்றதோ வேறு. அதுவும் பவள இனத்ததே. எனினும் செம்மணி தருவதன்று. வெண்மையான சுண்ணாம்புக் கூட்டை எழுப்புவது. அதனைக் கரையோர மக்கள் முருகைக்கல் என்றனர். ஈழத்தமிழர் இன்றும் முருகைக் கற்பாறை என்றே வழங்குகின்றனர். வளைகுடாத் தீவுகளுட் சில காரைச்சல்லி, விலங்குச்சல்லி, புழுவினிச்சல்லி எனப் பெயர் பெற்றுள்ளன. சல்லி என்பது உடைகல்லைக் குறிக்கும் சொல்லாதலின், அலையால் ஒதுக்கப்பட்ட பவளத் துண்டுகளால் ஆன நிலம் என்பதே இப்பெயர்களின் பொருளாகலாம் என்று கருத இடமுண்டு.

ஆகவே மணியாகிய பவளம் இலக்கியத்தில் இடம் பெற்றது. கரையில் நின்ற பவளம் கல் என்னும் பெயரையே பெற்றது. தொல்காப்பிய மரபியல் நந்தினையும் முரளையும் ஈரறிவுயிராக வகுத்துக் கூறுகின்றது. சங்கும் சிப்பியும் உயிர் என்பது நம் முன்னோர்க்குத் தெளிவு. பவளத்திற்கு அந்நூற்பாவில் இடமில்லை. இது நமக்கு மட்டும் உரிய குறையன்று. மேலைநாட்டினர் நெடுங்காலம் அதனைச் செடி என்றே எண்ணினர். பிரெஞ்சு நாட்டுப் பெய்சொனெல் என்பார் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது விலங்கினம் என்று நிறுவ முயன்றபோது பாரிசு நகர அறிஞர் அவையினர் முதலில் ஏற்றுக்கொள்ளவில்லை.

மூன்றாவது சொல் ஒன்றுண்டு. முத்துக்குளிப்போரும் மீனவரும் கடலடிப் பாறை மேட்டினைப் ‘பார்’ என்பர். தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள முத்துப் படுகைகளுள் ஒன்று தோலாயிரம் பார் என வழங்கும். இச்சொல் பொருளைக் குறிக்காது இடத்தைக் குறிக்கின்றது. மீனும் முத்தும் வாழும் இடம் என்னும் அறிவு இதனுள் அடங்கியுள்ளது. கல் என்றவர் எடுத்துச் செல்ல நினைத்தனர். பார் என்றவர் திரும்பி வர நினைத்தனர். இவ்விரு சொற்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டிலேயே பின்வரும் வரலாறு அடங்கியுள்ளது எனலாம்.

சூளைக்குச் சென்ற பார்கள்

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே கடற்கரையை ஒட்டி 21 தீவுகள் எண்ணப்பட்டன. மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதியாக இவற்றைப் பகுப்பர். இத்தீவுகளைச் சூழ்ந்தே பார்கள் அமைந்துள்ளன. குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927-இல் ஒரு நூல் வெளியிட்டது. எனவே இப்பகுதியின் சிறப்பு அறிஞர்க்குத் தெரியாததன்று.

பவளக்கல்லைக் கட்டடத்திற்குப் பயன்படுத்துதல் இக்கரையில் பழைய வழக்கம். 1964-ஆம் ஆண்டு திசம்பர்ப் புயலில் அழிந்த தனுட்கோடியில் எஞ்சி நிற்கும் தேவாலயச் சுவர்களில் அக்கல்லை இன்றும் காணலாம். வீட்டிற்கும் கோயிலுக்கும் எடுத்த கல் அளவிற்பட்டது. தொழிற்சாலைகள் தோன்றிய பின்னரே அளவு கடந்தது. சுண்ணாம்புக் காளவாய்களுக்கும், கால்சியம் கார்பைடு முதலிய பொருள்களைச் செய்யும் தொழில்களுக்கும் பவளக்கல் செல்லலாயிற்று. தாழ்ந்த நீரில் இறங்கிக் கடப்பாரையால் பெயர்த்து வள்ளத்தில் ஏற்றினால் போதும். நிலத்தைத் தோண்டும் செலவில்லை. மண்டபம் பகுதியில் மட்டும் நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 250 கன மீட்டர் அளவிற்கு எடுக்கப்பட்டதாக அக்கால ஆய்வாளர் மதிப்பிட்டனர்.

ஈண்டு ஒரு முரண் கருதத்தக்கது. 1969-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பவளங்களையும் பவளப் பார்களையும் பற்றிய பன்னாட்டுக் கருத்தரங்கு மண்டபத்திலேயே கூடியது. உலகில் இப்பொருள் பற்றிக் கூடிய முதற் பேரவை என்னும் பெருமை அதற்குண்டு. அறிஞர் உயிர் என ஆராய்ந்த அதனை, அதே கரையில் கூலியாள்கள் கல் எனச் சுமந்தனர். அறிவு இல்லாமையால் அழிவு வந்தது என்று கூறுதல் இதனால் பொருந்தாதாகின்றது. அறிவு இருந்தது, அது சந்தையையும் சட்டத்தையும் சென்று சேரவில்லை.

பெயரே அழிவிற்குக் காரணம் என்று நாம் கூற முன்வரவில்லை. காரணம் சுண்ணாம்பின் விலையும் கரையோரத்தாரின் வறுமையும் ஆகும். எனினும் கல் என்னும் பெயர் அச்செயலைக் குற்றமென்று தோன்றாதபடி மறைத்தது. ஆமையைக் கொல்பவன் உயிரைக் கொல்கிறான் என்று பிறர் கூறுவர். கல்லை உடைப்பவனை எவரும் கடிந்துரையார்.

விளைவு பெரிது. பின்னர் எடுத்த கணக்கின்படி, ஏறத்தாழ 110 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்புள்ள பார்களில் 32 சதுரக் கிலோமீட்டர் சிதைந்து போயிற்று. பவளம் தோண்டியதும் அழிவு தரும் மீன்பிடி முறைகளுமே இதற்குத் தலையாய காரணங்கள் என்பர். கீழக்கரைத் தொகுதியின் பூவரசன்பட்டியும், தூத்துக்குடித் தொகுதியின் விலங்குச்சல்லியும் நீருள் மறைந்தன. அரணாக நின்ற பாரை எடுத்த பின் அலை தீவினை அரித்தது.

காப்பின் வரலாறு

1986-இல் தமிழ்நாட்டரசு இத்தீவுகளையும் சூழ்ந்த கடலையும் சேர்த்து 560 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பைக் கடல்சார் தேசியப் பூங்காவாக்கிற்று. 1989-இல் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் கல்லெடுப்பு உடனே நிற்கவில்லை. இடத்திற்குக் காப்புக் கிடைத்தது, பொருளுக்குக் கிடைக்கவில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவள இனங்கள் 2001-இல்தான் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உரிய காப்பு அன்றுதான் பவளத்திற்கு வாய்த்தது. கல் என வழங்கியதைச் சட்டம் விலங்கு என ஏற்றுக்கொண்ட ஆண்டாக அதனைக் குறித்தல் தகும்.

சட்டத்தோடு அனுபவமும் சேர்ந்தது. 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையின்போது இலங்கையின் தென்மேற்குக் கரையில் நிகழ்ந்தது நல்ல சான்று. பார் அழியாது நின்ற இக்கடுவைக்கு அருகே நீர் உள்ளே ஏறியது சிறிது தொலைவே. பவளம் தோண்டப்பட்ட பெரலியாவில் ஒன்றரைக் கிலோமீட்டர் வரை பாய்ந்து தொடர்வண்டி ஒன்றையே கவிழ்த்தது. இலங்கை அரசு கரையோரத்தில் பவளம் தோண்டுவதை 1988-இலேயே சட்டத்தால் தடுத்திருந்தும், கள்ளத்தனமாகத் தோண்டியதன் பயன் அது. தூத்துக்குடிக் கரையினரும் தம் தீவுகளின் அருமையை அப்பேரலைக்குப் பின் நன்கு உணர்ந்தனர். காவலும், மாற்றுத் தொழிலுக்கான உதவியும், மக்கள் உணர்வும் ஒருங்கு கூடியதால் 2005-ஐ ஒட்டிக் கல்லெடுப்பு நின்றது. இம்மூன்றில் ஒன்று குறைந்திருப்பினும் அது நின்றிருக்குமா என்பது ஐயமே.

தீராத இடர்

நின்றதன் பயன் விரைவில் தெரிந்தது. 2005-இல் நூற்றுக்கு ஏறத்தாழ 37 பங்காக இருந்த உயிருள்ள பவளப் பரப்பு 2009-இல் 42 பங்கிற்கு மேல் உயர்ந்தது. அதன்பின் வேறோர் இடர் புகுந்தது. பவள உயிரின் உடலினுள் நுண்ணிய பாசி தங்கி உணவு சமைத்து அளிக்கின்றது. நீர் அளவிற்கு மிஞ்சிச் சூடேறின் பவளம் அப்பாசியை இழந்து வெளுத்துப் போகும். வெப்பம் நீடிப்பின் இறந்துபடும். 2010-இலும் 2016-இலும் கடுமையான வெளிறல் நிகழ்ந்தது. 2016-க்குப் பின் உயிருள்ள பரப்பு நூற்றுக்கு 23 பங்களவிற்குத் தாழ்ந்தது. கடப்பாரையினின்று தப்பியவற்றை வெப்பம் பற்றிற்று.

சிதைந்த பார்களில் பவளத் துண்டுகளை நட்டு வளர்த்தலும், சுருங்கி வந்த வான் தீவின் முன்னர்ச் செயற்கைப் பார்களை 2015 முதல் இறக்கியதும் போற்றத்தக்க முயற்சிகள். எனினும் கடல் சூடேறுதலை அவை தடுக்கமாட்டா.

இங்கு நாம் மீண்டும் ஆலங்குளத்திற்கு வருதல் வேண்டும். உள்நாட்டுச் சுண்ணாம்புக்கல் இருக்கக் கடலின் பவளத்தை உடைக்க வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் எந்தச் சுண்ணாம்பைச் சுட்டாலும் அதனுள் அடங்கிய கரியமில வாயு வெளிப்பட்டே தீரும். சுடுவதற்கு எரிக்கும் நிலக்கரியும் அவ்வாயுவையே தரும். உலகில் மனிதர் வெளியிடும் அவ்வாயுவில் நூற்றுக்கு ஏழு அல்லது எட்டுப் பங்கு சிமெண்டுத் தொழிலால் வருவது என்பர். அவ்வாயு வானை வெதுப்பிக் கடலையும் வெதுப்புகின்றது. முன்பு சுண்ணாம்பிற்காகப் பார் சூளைக்குச் சென்றது; இன்று சூளையின் வெப்பம் பாரைத் தேடிச் செல்கின்றது. கடலை ஒருநாளும் காணாத ஊரில் வீடு கட்டுவோனும் இவ்வரலாற்றிற்குப் புறம்பானவன் அல்லன்.

ஆதலின் பவளப் பார்களின் காப்பு கடற்கரை மாவட்டங்களுக்கு மட்டும் உரிய பணி எனக் கருதுதல் பிழை. கல்லை உயிர் என ஏற்க நம் சட்டத்திற்கு 2001 வரை ஆயிற்று. புகைக்கும் பாருக்கும் உள்ள உறவை ஏற்பதற்கு அத்துணைக் காலம் தாழ்ப்பின், பார் என்னும் சொல் அகராதியில் நிற்கும், கடலில் நில்லாது.