குறைந்த செலவில் விளையாட்டுக் கணினி: பாகத் தேர்வின் வரலாறு

குறைந்த செலவில் விளையாட்டுக் கணினி அமைத்தல் என்பது, முழுமையாகப் பொருத்தி விற்கப்படும் கணினியை வாங்காமல், செயலி, தாய்ப்பலகை, நினைவகம், வரைகலை அட்டை, மின்வழங்கி ஆகிய பாகங்களைத் தனித்தனியே தேர்ந்து வாங்கிப் பொருத்துவதாகும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பதே இதன் அடிப்படை. ஒரு பாகத்திற்குக் கூடுதலாகச் செலவிட்டால் மற்றொன்றிற்குப் பணம் குறையும். தவறாகத் தேர்ந்தால் மீண்டும் வாங்க வழியிருக்காது. பெட்டியின் மேல் அச்சிடப்பட்ட எண்ணும் திரையில் உண்மையில் நடப்பதும் ஒன்றல்ல என்பதை வாங்குவோர் படிப்படியாகக் கற்றுக்கொண்டதே இத்துறையின் வரலாறு.

தோற்றம்

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் நிறுவனம் தன் தனியாள் கணினியை அறிவித்தது. அதில் 4.77 மெகாஹெர்ட்சு வேகமுடைய இன்டெல் 8088 செயலி இருந்தது. விரைந்து முடிப்பதற்காக ஐபிஎம் பிற நிறுவனங்களின் பாகங்களையே பெரிதும் பயன்படுத்தியது. கூடுதல் அட்டைகளைச் செருகும் இடங்களை அமைத்து, தொழில்நுட்பக் கையேட்டையும் வெளியிட்டது. இதனால் காம்பேக் முதலிய நிறுவனங்கள் ஒத்தியங்கும் கணினிகளை உருவாக்கின. ஒருவர் செய்த தாய்ப்பலகையில் மற்றொருவர் செய்த அட்டை பொருந்தியது. 1995இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் அளவுமுறை, தாய்ப்பலகை, பெட்டி, மின்வழங்கி ஆகியவற்றின் அளவுகளையும் ஒழுங்குபடுத்தியது. சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் பாகங்களை வாங்கி 'அசெம்பிள்' செய்யும் வழக்கத்திற்கு அடிப்படை இந்தப் பொதுமைதான்.

குவேக்கும் சைரிக்சும்

1990களின் நடுவில் பென்டியம் செயலிக்கு மலிவான மாற்றாகச் சைரிக்ஸ் 6எக்ஸ்86 விற்கப்பட்டது. 133 மெகாஹெர்ட்சில் இயங்கிய ஒரு வகைக்குச் சைரிக்ஸ் 'பி166+' எனப் பெயரிட்டது. 166 மெகாஹெர்ட்சு பென்டியத்திற்கு இது இணையானது என்பது அதன் பொருள். அலுவலக மென்பொருள்களைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் உண்மையே.

1996 ஜூனில் ஐடி மென்பொருள் நிறுவனம் 'குவேக்' விளையாட்டை வெளியிட்டது. முப்பரிமாணக் காட்சியை வரைய இது மிதவைப் புள்ளிக் கணக்குகளை, அதாவது பின்ன மதிப்புடைய எண்களைக் கொண்ட கணக்குகளை, பெருமளவில் பயன்படுத்தியது. பென்டியம் ஒரு வகுத்தலைச் செய்துகொண்டிருக்கும்போதே முழு எண் கணக்குகளையும் செய்ய வல்லது; நிரல் அதற்கேற்பவே எழுதப்பட்டிருந்தது. சைரிக்ஸ் செயலியின் மிதவைப் புள்ளிப் பகுதி வலுக் குறைந்தது என்பதால் குவேக் அதில் தெளிவாகத் தடுமாறியது. ஒரு வேலைக்கு இணையானது எல்லா வேலைக்கும் இணையாகாது என்பது சிக்கனமாக வாங்கியவர்களுக்கு இவ்வாறு தெரியவந்தது.

அதே ஆண்டில் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் 'வூடூ' அட்டை சந்தைக்கு வந்தது. இது முப்பரிமாணக் காட்சிகளை மட்டுமே வரையும். வழக்கமான திரைக்காட்சிக்கு வேறோர் அட்டையும் தேவைப்பட்டது. இதன் பிறகு விளையாட்டுக் கணினியில் செலவின் மையம் செயலியிலிருந்து வரைகலை அட்டைக்கு நகரத் தொடங்கியது.

செலரான் 300ஏ

1998 ஏப்ரலில் வெளிவந்த இன்டெலின் முதல் செலரான் செயலியில் இரண்டாம் நிலைக் கேஷ் நினைவகம் இல்லை. அது மந்தமானது எனக் குறைகூறப்பட்டது. 1998 ஆகஸ்டில் வந்த செலரான் 300ஏ இக்குறையைப் போக்கியது. பென்டியம் II செயலியின் 512 கிலோபைட் கேஷ் பாதி வேகத்தில் இயங்க, 300ஏயின் 128 கிலோபைட் கேஷ் செயலியின் முழு வேகத்தில் இயங்கியது.

செயலியின் வேகம், தாய்ப்பலகைப் பாட்டையின் வேகத்தைப் பெருக்கியால் பெருக்கக் கிடைப்பது. 300ஏயின் பெருக்கி 4.5 எனப் பூட்டப்பட்டிருந்தது. பாட்டை 66 மெகாஹெர்ட்சு. எனவே வேகம் ஏறத்தாழ 300. பாட்டையை 100 ஆக மாற்றினால் அதே செயலி 450 மெகாஹெர்ட்சில் ஓடும். பல செயலிகள் இதைத் தாங்கின. அதே நேரத்தில் வெளியான 450 மெகாஹெர்ட்சு பென்டியம் II ஏறத்தாழ 670 டாலர். 300ஏ ஏறத்தாழ 150 டாலர். 'ஓவர்கிளாக்கிங்' எனப்படும் இம்முறை இதனால் பரவலாயிற்று. பெருக்கியைப் பூட்டியும் பாட்டை வழியாக ஒரு வழி திறந்தே இருந்தது. எனினும் எல்லாச் செயலிகளும் 450ஐ எட்டவில்லை. எட்டும் என்ற உறுதியை எவரும் தரவில்லை.

பெயரும் உள்ளடக்கமும்

2002இல் என்விடியா நிறுவனம் 'ஜிஃபோர்ஸ் 4' என்ற பெயரில் இரு வரிசைகளை வெளியிட்டது. 'டிஐ' வரிசையில் நிரலாக்கத்தக்க நிழலிகள் இருந்தன. மலிவான 'எம்எக்ஸ்' வரிசையில் அவை இல்லை. அது பெரும்பாலும் ஜிஃபோர்ஸ் 2 தலைமுறைத் தொழில்நுட்பமே. முந்தைய ஆண்டின் ஜிஃபோர்ஸ் 3இல் இருந்த வசதி, எண்ணில் கூடிய இவ்வட்டையில் இல்லை. 2003இல் வெளியான 'டியூஸ் எக்ஸ்: இன்விசிபிள் வார்' போன்ற விளையாட்டுகள் இதில் இயங்கவில்லை.

மின்வழங்கி

சிக்கனம் பார்க்கும்போது முதலில் வெட்டப்படும் பாகம் மின்வழங்கி. 2000இல் வந்த பென்டியம் 4 காலம் முதல், செயலிக்கான மின்சுமை 5 வோல்ட் தடத்திலிருந்து 12 வோல்ட் தடத்திற்கு மாறியது. ஆகவே பெட்டியில் உள்ள மொத்த வாட் அளவு மட்டும் போதாது. 12 வோல்ட் தடம் 20 ஆம்பியர் தருமாயின், 12 × 20 = 240 வாட் மட்டுமே அதில் கிடைக்கும். பெட்டியில் 450 வாட் என்றிருந்தாலும் செயலிக்கும் வரைகலை அட்டைக்கும் பயன்படுவது இந்த 240தான். மின்வழங்கி பழுதானால் தன்னோடு பிற பாகங்களையும் கெடுக்கக்கூடும் என்பதால், இங்கு மிச்சப்படுத்தும் தொகை சிக்கனமாகாது.

இரு கருவிலிருந்து நான்கு கருவுக்கு

2014இல் வெளியான பென்டியம் ஜி3258, பெருக்கி பூட்டப்படாத மலிவான இருகருச் செயலி. செலரான் 300ஏயின் வாரிசாகப் பலர் அதை வரவேற்றனர். ஆனால் அதே ஆண்டு நவம்பரில் வெளியான 'ஃபார் கிரை 4' நான்கு இழைகளை எதிர்பார்த்தது. இரண்டு மட்டுமே உடைய செயலிகளில் அது தொடங்கவே மறுத்தது. வேகத்தைக் கூட்டலாம், இல்லாத கருவைக் கூட்ட இயலாது.

2018 பிப்ரவரியில் ஏஎம்டி நிறுவனம் 99 டாலருக்கு வெளியிட்ட ரைசன் 3 2200ஜி, நான்கு கருக்களையும் வரைகலைப் பகுதியையும் ஒரே சில்லில் தந்தது. தனி வரைகலை அட்டை இன்றியே எளிய விளையாட்டுகளை ஆட முடிந்தது. வரைகலைப் பகுதி கணினியின் பொது நினைவகத்தையே பயன்படுத்துவதால், ஒரே 8 கிகாபைட் பட்டையைவிட இரண்டு 4 கிகாபைட் பட்டைகள் கூடுதல் வேகம் தந்தன. 2020–2021இல் சில்லுத் தட்டுப்பாடும் எண்மப் பணச் சுரங்கமும் சேர்ந்து வரைகலை அட்டைகளின் விலையை உயர்த்தியபோது, இத்தகைய சில்லுகளே பலருக்குக் கைகொடுத்தன.

வரலாறு காட்டுவது

நாற்பதாண்டுகளில் பாகங்களின் பெயர்கள் மாறின. தேர்வின் கேள்விகள் மாறவில்லை. ஆட விரும்பும் விளையாட்டு எந்தப் பாகத்தை அதிகம் நம்புகிறது? பெட்டியில் உள்ள எண் எதை அளக்கிறது? எந்தக் குறையைப் பின்னர் சரிசெய்யலாம், எதைச் சரிசெய்ய இயலாது? நினைவகத்தைப் பிறகு சேர்க்கலாம். வரைகலை அட்டையைப் பிறகு மாற்றலாம். தாய்ப்பலகையும் மின்வழங்கியும் அவற்றைத் தாங்குமா என்பதை முதல் நாளே பார்த்தாக வேண்டும்.