இடது ஓரத்து இரண்டு சொற்கள்: மொரிஷியஸ் அஞ்சல்தலையில் பிழையும் பாடபேதமும்

போர்ட் லூயி நகரின் கோடான் துறைமுகக் கரையில் இருக்கும் புளூ பென்னி அருங்காட்சியகத்தில், 1847ஆம் ஆண்டின் இரண்டு அஞ்சல்தலைகளும் மணிக்கு ஏறத்தாழப் பத்து நிமிடம்தான் விளக்கொளியில் தெரிகின்றன. மற்ற நேரமெல்லாம் பார்வையாளர் கண்ணில் படுவது நகல்களே. 1993இல் மொரிஷியஸ் நிறுவனங்கள் பல ஒன்றுகூடி, ஏறத்தாழ இருபது லட்சம் டாலர் கொடுத்துத் தீவுக்கு மீட்டுவந்த தாள்துண்டுகள் இவை. ஒளி பட்டால் மை மங்கும் என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் வேடிக்கை ஒன்று உண்டு. நீலத் தலையின் விலை ஒரு பென்னி அன்று, இரண்டு பென்னி. ஒரு பென்னித் தலை செம்மஞ்சள் நிறத்தது. ஆக, 'நீலப் பென்னி' என்ற பெயரே ஒரு பிழை. அதை எவரும் பிழை என்று சொல்வதில்லை. தலையின் இடது ஓரத்தில் உள்ள 'போஸ்ட் ஆபீஸ்' என்ற சொற்களைத்தான் தலைமுறை தலைமுறையாகப் பிழை என்று சொல்லிவந்தார்கள்.

செதுக்குநர் ஜோசப் ஆஸ்மண்ட் பர்னார்ட் என்ன எழுத வேண்டும் என்பதை மறந்தார், அஞ்சலகத்தின் பெயர்ப்பலகையைக் கண்டு அதையே தகட்டில் வெட்டினார் என்ற கதையை இங்கே மறுக்க வேண்டிய தேவை இல்லை. இன்று சொல்லப்படும் அதன் வடிவம், தலைகள் வெளிவந்து எண்பது ஆண்டு கழித்து, 1928இல் வந்த ஒரு பிரெஞ்சு நூலைச் சார்ந்து நிற்பது. துறையறிந்தோர் அதைக் கைவிட்டுவிட்டார்கள். என் கருத்து வேறுபாடு அக்கதையோடு அன்று, அதைப் புதைத்தவர்களோடு. 'போஸ்ட் ஆபீஸ்' பிழையன்று, பொருத்தம் குறைந்த ஒரு தொடர் மட்டுமே, அது 1848இல் 'போஸ்ட் பெய்டு' (கட்டணம் செலுத்தப்பட்டது) எனச் செம்மை செய்யப்பட்டது என்பது அவர்கள் முடிவு. பிழை என்ற சொல்லை வாசல் வழியே அனுப்பிவிட்டு, திருத்தம் என்ற சொல்லைக் கொல்லைப்புறமாக உள்ளே விட்டிருக்கிறார்கள். பிழையே இல்லாத இடத்தில் எதைத் திருத்துவது?

பொறிப்பை முழுதாகப் பார்க்க வேண்டும். அரசியின் தலையைச் சுற்றி நான்கு ஓரங்கள். மேலே 'போஸ்டேஜ்', கீழே மதிப்பு, இடப்புறம் 'போஸ்ட் ஆபீஸ்', வலப்புறம் 'மொரிஷியஸ்'. பர்னார்டின் முன்மாதிரி, அன்று பிரிட்டனில் வழங்கிய ஒரு பென்னி, இரண்டு பென்னித் தலைகள். அவற்றிலும் மேலே 'போஸ்டேஜ்', கீழே மதிப்பு. பக்கவாட்டில் சொல் ஏதும் கிடையாது, நாட்டின் பெயரும் கிடையாது. எனவே மேல், கீழ் ஓரங்கள் இரவல் சரக்கு. தீவு தானாகச் சேர்த்தவை இட, வல ஓரங்கள் மட்டுமே. ஒரே தேவைக்காகச் சேர்க்கப்பட்ட இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்பது என் துணிபு. அப்படி வாசித்தால் கிடைப்பது 'போஸ்ட் ஆபீஸ், மொரிஷியஸ்'. அதாவது தலையை வெளியிட்டவரின் பெயர். தீவின் அஞ்சல் முத்திரைகளிலும் இதே சொற்கள் இடம்பெற்றிருந்தன. கட்டணம் செலுத்தப்பட்டது என்ற செய்தியை மேலோரத்துப் 'போஸ்டேஜ்' ஏற்கெனவே சுமக்கிறது. இடது ஓரம் அதையே மறுபடி சொல்ல வேண்டிய கட்டாயம் எங்கிருந்து வந்தது?

இரண்டு ஓரங்களுக்கும் நடுவே 'போஸ்டேஜ்' குறுக்கிடுகிறதே என்பார்கள். தொடரை வட்டமாகச் சுற்றி வாசிப்பவர்க்குத்தான் அது குறுக்கீடு. கதவின் இரு நிலைகளிலும் எழுதியிருப்பதைப் படிப்பவர் மேல்விட்டத்தை இடையில் நுழைப்பதில்லை. அதே 1847இல், ஜூலை மாதம் அமெரிக்க ஐக்கிய நாடுகள் வெளியிட்ட முதல் பொதுத் தலைகளிலும் மேலே இருப்பது 'போஸ்ட் ஆபீஸ்' தான். அங்கே யாரும் மறதிக் கதை கட்டவில்லை. அமெரிக்கத் தலைகள் மொரிஷியஸுக்கு முன்மாதிரி என்று நான் சொல்லவில்லை. அக்காலத்தார் கண்ணுக்கு இத்தொடர் உறுத்தவில்லை என்பதற்கு மட்டுமே அவை சான்று.

இனி 1848. முதல் தகட்டில் ஒரு பென்னிக்கு ஒன்று, இரண்டு பென்னிக்கு ஒன்று என இரண்டே பொறிப்புகள். ஒவ்வொரு மதிப்பிலும் 500 தலைகளை ஒவ்வொன்றாகவே அச்சிட வேண்டியிருந்தது. ஆளுநர் மாளிகை விருந்துக்கு ஆளுநரின் மனைவி கோம் சீமாட்டி அனுப்பிய அழைப்பு உறைகளில் சில அப்போதே ஒட்டப்பட்டுச் சென்றன. ஆனால் ஒவ்வொன்றாக அச்சிடும் வேகம் அன்றாடத் தேவைக்குப் போதாது. புதிய தகடுகளில் ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு பொறிப்புகள், பன்னிரண்டும் தனித்தனியே கையால் வெட்டியவை. ஆகவே தகடு மாறியதற்குச் சொல்லைக் காரணமாகத் தேட வேண்டியதில்லை. எண்ணிக்கையே போதிய காரணம்.

அப்புதிய இரண்டு பென்னித் தகட்டின் ஏழாம் இடத்தில்தான் ஐயத்துக்கு இடமில்லாத பிழை ஒன்று இருக்கிறது. 'பென்ஸ்' என்பதன் ஆங்கில எழுத்துகளில் 'சி' வர வேண்டிய இடத்தில் 'ஓ' விழுந்திருக்கிறது. சேகரிப்பாளர் நன்கறிந்த பிழை. அறியப்பட்ட அளவுக்கு எடைபோடப்படவில்லை என்பதே என் குறை. 'ஆபீஸ்' என்ற சொல் பொறுக்காமல் தகட்டையே மாற்றிய அஞ்சலகம், கண்ணெதிரே இருந்த ஓர் எழுத்துப் பிழையை, பொறிப்பு தேய்ந்து அரசியின் முகமே மங்கும்வரை, பத்தாண்டுக்கும் மேலாக விட்டுவைத்தது என்று நம்ப வேண்டுமா? திருத்தும் பழக்கமே அங்கு இருந்ததாகத் தெரியவில்லை.

சுவடி பதிப்பிப்போர் ஏடெழுதினோர் பிழையையும் பாடபேதத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்லை. 'பென்ஸ்' சிதைந்தது முதல் வகை. 'ஆபீஸ்', 'பெய்டு' இரண்டும் பாடபேதம். ஒன்று வெளியிட்டவரைச் சொல்கிறது, மற்றது நடந்த செயலைச் சொல்கிறது. அனுப்புபவரே முன்பணம் கட்டும் வழக்கத்தை மக்களிடம் பதிக்க இரண்டாவது பாடம் உதவியிருக்கலாம். இது தகட்டைப் பார்த்துச் செய்யும் ஊகம், அதற்கு மேல் வலியுறுத்தவில்லை. பிழை என்பதால்தான் தலைக்கு இவ்வளவு விலை என்ற வாதம் ஏலக்கூடத்துக்கு உரியது, இங்கே அதற்கு வேலையில்லை.

2011 செப்டம்பரில் பெர்லின் தொடர்பியல் அருங்காட்சியகம், உலகெங்கும் சிதறிக் கிடந்த 'போஸ்ட் ஆபீஸ்' தலைகள் பலவற்றை ஒரே கூரையின் கீழ்க் கூட்டியது. அரிய கூட்டம்தான். ஆனால் ஒன்றையொன்று ஒத்த தலைகளை அருகருகே வைத்தால் அருமை தெரியுமே தவிர வாசிப்பு மாறாது. போர்ட் லூயியில் அடுத்த முறை விளக்கு எரியும்போது, நீலத் தலையின் இடப்பக்கம் 1841ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் இரண்டு பென்னித் தலையையும், வலப்பக்கம் 1848 தகட்டின் ஏழாம் இடத்துத் தலையையும் வைத்துப் பார்க்கலாம். அந்தப் பத்து நிமிடம் போதும்.