கூட்டாண்மையில் அறங்காவலரின் சொந்தப் பொறுப்பு

கூட்டாண்மையில் அறங்காவலரின் சொந்தப் பொறுப்பு என்பது, ஓர் அறக்கட்டளைக்காகக் கூட்டு வணிக நிறுவனமொன்றில் கூட்டாளியாகச் சேரும் அறங்காவலர், அந்நிறுவனத்தின் கடன்களுக்குத் தம் சொந்தச் சொத்திலிருந்தும் ஈடு கொடுக்க வேண்டியிருக்கும் சட்ட நிலையைக் குறிக்கும். இந்தியாவில் 1882ஆம் ஆண்டின் அறக்கட்டளைகள் சட்டமும் 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டமும் இதற்கு அடிப்படையாகும். இக்கட்டுரை தனியார் அறக்கட்டளைகளைப் பற்றியது. கோயில் அறங்காவலர்கள் இதில் அடங்கார்.

காரணம்

கம்பெனியைப் போல அறக்கட்டளை ஒரு சட்ட ஆள் அன்று. காசோலை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2025இல் இதை உறுதிசெய்தது. எனவே கூட்டாண்மைப் பத்திரத்தில் கையொப்பமிடும் அறங்காவலரே கூட்டாளி ஆகிறார். கூட்டாண்மைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி ஒவ்வொரு கூட்டாளியும் நிறுவனத்தின் செயல்களுக்குக் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாவார். "அறங்காவலர் என்ற முறையில்" என்று பெயருக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்வது மட்டும் கடன் கொடுத்தவரைத் தடுக்காது. பலரும் தவறாக எண்ணுவது இங்கேதான்.

நீதிமன்றத் தீர்ப்புகள்

உடுமலைப்பேட்டை பாக்கியலட்சுமி நிறுவனத்தின் வருமானவரி வழக்கில் (1965), கூட்டாளி ஒருவர் கூட்டுக் குடும்பத் தலைவராகவோ அறங்காவலராகவோ இருக்கலாம் என்றும், அவர் இரட்டை நிலையில் இருக்கிறார் என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. கூட்டாண்மையைப் பொறுத்தவரை அவர் தனிமனிதர்; தாம் யாருக்காகப் பங்கை வைத்திருக்கிறாரோ அவர்களிடம் மட்டுமே பிரதிநிதி.

இதன் கடுமையை உலகுக்குக் காட்டியது இசுக்காட்லாந்தின் கிளாசுகோ நகர வங்கி ஆகும். வரம்பற்ற பொறுப்புடைய அவ்வங்கி 1878 அக்டோபரில் வீழ்ந்தது. 100 பவுண்டு பங்குக்கு முதலில் 500 பவுண்டும் பின்னர் 2,250 பவுண்டும் கேட்கப்பட்டன. பிறருக்காகப் பங்கு வைத்திருந்த அறங்காவலர்களும் சொந்தப் பணத்திலிருந்து செலுத்த வேண்டும் என 1879இல் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது.

ஈடு பெறும் உரிமை

முறையாகச் செய்த செலவை அறக்கட்டளைச் சொத்திலிருந்து எடுத்துக்கொள்ள அறக்கட்டளைகள் சட்டத்தின் 32ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆனால் சொத்து இருக்கும் அளவுக்கே இது பயன்படும். எடுத்துக்காட்டாக, காத்திவாக்கத்தில் சரக்குந்து நிறுவனம் நடத்திய அண்ணன் இறந்தபின், அவருடைய பிள்ளைகளுக்கான அறக்கட்டளையின் சார்பில் தம்பி கூட்டாளியாகச் சேர்கிறார் எனக் கொள்வோம். நிறுவனத்தின் சொத்துகள் போக 50 இலட்சம் உரூபாய் கடன் நிற்கிறது. மற்றக் கூட்டாளி நொடித்துப்போனார். அறக்கட்டளையில் இருப்பதோ 20 இலட்சம். மீதி 30 இலட்சத்துக்குத் தம்பியின் சொந்த வீடு வரை கடன்காரர் செல்லலாம். அறக்கட்டளைப் பத்திரம் வணிகத்தில் ஈடுபட அனுமதிக்காவிடில் அந்த 20 இலட்சமும் கிடைப்பது அரிது. பயனாளியே கேட்டுக்கொண்டு செய்த செலவாயின், சொத்து போதாதபோது அவரிடமிருந்து பெறலாம். சிறு குழந்தைகளிடம் இது பெரும்பாலும் ஏட்டளவில் நிற்கும்.

மாற்று வழிகள்

இறந்தவரின் பங்குக்கான கணக்கைத் தீர்த்துப் பணமாகப் பெறலாம். 29ஆம் பிரிவின்படி பங்கின் உரிமைமாற்றம் மட்டும் பெற்றவர் இலாபத்தில் பங்கு பெறுவார். நிருவாகத்தில் தலையிட முடியாது, கூட்டாளியாகவும் ஆகமாட்டார். வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மைச் சட்டத்தின் (2008) கீழ் அமைந்த நிறுவனத்தில் கூட்டாளியின் பொறுப்பு பொதுவாக அவரது முதலீட்டளவில் நிற்கும். பழைய கூட்டாண்மையிலிருந்து விலகுபவர் பொது அறிவிப்பு கொடுக்க வேண்டும். அதுவரை வெளியாருக்கு அவர் பொறுப்பு தொடரும்.