தேசிய அணி மேலாளர் தேர்தல் (பசர்பீட்டர்)

பசர்பீட்டர் என்னும் இணையக் கூடைப்பந்து மேலாண்மை விளையாட்டில், ஒவ்வொரு நாட்டுக்கும் முதன்மைத் தேசிய அணியும் 21 வயதுக்குட்பட்டோர் அணியும் உண்டு. அவற்றின் மேலாளர்களை அந்நாட்டுப் பயனர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். வேட்பாளரின் ஆட்ட வியூகத்தையே வாக்காளர்கள் முதலில் எடைபோடுவது இயல்பு; ஆனால் அது போதாத அளவுகோல். ஏனெனில், ஆட்டக்காரர்கள் தனித்தனிக் கழகங்களுக்குச் சொந்தமானவர்கள். அவர்களுக்குப் பயிற்சி அளிப்பவரும் கழக உரிமையாளரான பயனரே. பதினெட்டு வயதில் கழகத்துக்கு வரும் இளைஞனை எந்தத் திறனில் வளர்ப்பது என்பதில் தேசிய மேலாளருக்கு அதிகாரம் இல்லை, வேண்டுகோள் மட்டுமே உண்டு. நெருக்கமான ஆட்டத்தை வியூகம்தானே வெல்கிறது என்று கேட்கலாம். உண்மைதான், ஆயினும் உயரமான, சரியாகப் பயிற்சி பெற்ற மைய ஆட்டக்காரர் இல்லாத குறையை எந்த வியூகமும் ஈடுசெய்யாது. ஆகவே, உரிமையாளர்களோடு ஓயாமல் பேசி இணங்கவைக்கும் வேட்பாளருக்கே வாக்களிப்பது தகும்.